கோச்சி வராத கரைக்கு ஒரு கோச்சி

கொழும்புக் கோட்டையிலிருந்து கிழக்கு நோக்கி வரும் புகையிரதம் மட்டக்களப்பில் வந்து நின்றுவிடுகிறது. தண்டவாளமும் அங்கேயே முடிந்துவிடுகிறது. 1928ஆம் ஆண்டில் அவ்விடம் வரை வந்து சேர்ந்த இரும்புப் பாதை, அதன் பின் தெற்கு நோக்கி ஓரடியேனும் எடுத்து வைத்ததில்லை. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கடலோரத்தே வரிசையாகக் கிடக்கும் ஊர்களுக்கெல்லாம் தெருவே துணை. 'கோச்சி' என்று நம்மவர் அழைக்கும் அந்த வண்டியை இவ்வூர்ப் பிள்ளைகள் பாடப் புத்தகத்திலும் தொலைக்காட்சியிலும் காண்கிறார்கள். ஏறிப் பார்க்க வேண்டுமானால் முதலில் பஸ்ஸில் ஏறி மட்டக்களப்புக்குப் போக வேண்டும்.

இத்தகைய கரையில் ஒரு கோச்சியைக் கட்டி முடிப்பதற்காக நாம் மேற்கொண்ட சிறு பயணம் ஒன்றையே இங்கே எழுதப் புகுந்தோம். கட்டியது விளையாட்டுக் கோச்சிதான். ஆயினும் அதன் உறுப்புகளைத் தேடியும், அதற்குரிய எழுத்துகளை அச்சிட்டும் நாம் அலைந்த அலைச்சலில், இக்கரையைப் பற்றி முன்பு அறியாத சிலவற்றை அறிந்துகொண்டோம்.

காரைதீவில் எமது தங்கை வாழ்கிறாள். சுவாமி விபுலானந்தர் 1892ஆம் ஆண்டில் பிறந்த ஊர் என்பதால் தமிழ் படித்தோர் எல்லோருக்கும் அது அறிமுகமான பெயரே. தங்கையின் கணவர் கட்டார் நாட்டில் தோஹா நகரில் தொழில் புரிகிறார். இரண்டாண்டுக்கொரு முறை வருவார். வந்தால் கட்டுநாயக்காவில் இறங்கி, இரவெல்லாம் வானில் குலுங்கி, விடியற்காலையில் வீடு சேர்வார். பத்து வயது மகன் அவ்வேளையில் உறங்கிக் கொண்டிருப்பான். ஒரு நாள் அவன் எம்மிடம், "மாமா, கல்முனையில ஸ்டேஷன் இருந்தா அப்பா அங்கயே இறங்கலாம்தானே? நான் போய் நிண்டு கூட்டிக்கொண்டு வருவன்" என்றான். பதில் சொல்ல எமக்கு இயலவில்லை. ஆகவே, அவனிடமிருந்த பொருத்துக் கட்டைகளைக் கொண்டு கல்முனை நிலையத்தையும் அதற்கு வரும் வண்டியையும் கட்டித் தருவதாக வாக்களித்தோம்.

கட்டையும் கணக்கும்

பொருத்துக் கட்டைகளின் பிறப்பிடம் டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்னும் சிற்றூர். ஒலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932ஆம் ஆண்டில் அங்கே மர விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் டேனிஷ் மொழிச் சொற்கள் இரண்டைச் சுருக்கி 'லெகோ' என்று பெயரிட்டார். மேலே குமிழும் உள்ளே குழாயும் கொண்டு ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும் இன்றைய கட்டைக்கு 1958ஆம் ஆண்டில் காப்புரிமை கோரப்பட்டது. அன்று வார்த்த கட்டையும் இன்று வார்க்கும் கட்டையும் ஒன்றோடொன்று பொருந்தும். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீற்றர்; கட்டையின் உயரம் 9.6 மில்லிமீற்றர், தட்டையான தகட்டின் உயரம் அதில் மூன்றிலொரு பங்கு. இவ்வளவுகள் மாறுவதில்லை. 1966ஆம் ஆண்டில் இக்கட்டைகளுக்கென மின்சாரப் புகையிரதமும் வந்துவிட்டது.

எம்மைப் போன்ற ஆசிரியர்க்கு எதிலும் முதலில் கணக்குப் பார்த்தல் வழக்கம். இலங்கையின் அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம் 5 அடி 6 அங்குலம். அதாவது 1676 மில்லிமீற்றர். விளையாட்டுத் தண்டவாளத்தின் இடைவெளியோ சுமார் 37.5 மில்லிமீற்றர். ஒன்றை மற்றதால் வகுத்தால் ஏறத்தாழ 45 வருகிறது. ஆகவே எமது வண்டி உண்மை வண்டியின் 45இல் ஒரு பங்கு என்று தீர்மானித்தோம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஐந்தடி ஆறங்குலம் என்பது நம் நாட்டு ஆடவர் பலரின் உயரமுமாகும். அவ்வுயரமுள்ள ஒருவர் இந்த அளவில் 37.5 மில்லிமீற்றர் ஆகிவிடுவார். கட்டைகளோடு வரும் சிறு பொம்மை மனிதரின் உயரமும் ஏறக்குறைய 40 மில்லிமீற்றரே. எனவே நிலையத்தில் வந்து இறங்க வேண்டிய தகப்பனாருக்கு வண்டி மிகப் பெரிதுமில்லை, மிகச் சிறிதுமில்லை.

ஆனால் கணக்கு எல்லா இடத்திலும் கைகொடுப்பதில்லை. 60 அடி நீளமுள்ள பயணிகள் பெட்டி ஒன்றை இவ்விகிதப்படி கட்டினால் 40 சென்றிமீற்றர் நீளும். விளையாட்டுத் தண்டவாளத்தின் வளைவுகள் பதினாறைச் சேர்த்தால் ஒரு முழு வட்டம் கிடைக்கும்; அவ்வட்டத்தின் ஆரமோ 32 சென்றிமீற்றர்தான். அத்துணைச் சிறிய வட்டத்தில் அத்துணை நீண்ட பெட்டி திரும்பினால், நடுப்பகுதி உள்ளே ஒடுங்கி முனைகள் வெளியே நீட்டிக் கொண்டு, பக்கத்திலுள்ள மேடையை இடித்துத் தள்ளிவிடும். ஆகையால் இக்கலையில் தேர்ந்தவர்கள் அகலத்தையும் உயரத்தையும் அளவாக வைத்துக்கொண்டு நீளத்தை மட்டும் குறைத்து, சன்னல்களில் இரண்டு மூன்றை விட்டுவிடுகிறார்கள். நாமும் 28 குமிழ் நீளத்தோடு அமைந்தோம். கண் அதனைக் குறையாகக் கொள்வதில்லை.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் சுமார் 40 கிலோமீற்றர். அதனையும் எமது மருமகன் விடவில்லை. இதே அளவில் பாதை போட எத்தனை தண்டவாளத் துண்டு வேண்டும் என்றான். நேர்த் துண்டு ஒன்று 12.8 சென்றிமீற்றர். கணக்கிட்டால் ஏறக்குறைய 890 மீற்றர் தூரத்துக்கு 7,000 துண்டுகள் வேண்டும்! எம்மிடம் இருந்தவையோ இருபத்து நான்கு.

உறுப்புகள் வந்த வழி

இனி உறுப்புகளைத் தேடிய கதைக்கு வருவோம். இக்காலத்தில் கட்டைகளைத் தனித்தனியே விற்கும் பெருஞ்சந்தை ஒன்று இணையத்தில் இருக்கிறது. 'பிரிக்லிங்க்' என்னும் அச்சந்தை 2000ஆம் ஆண்டில் ஒரு தனி மனிதரின் முயற்சியால் தொடங்கி, 2019இல் லெகோ நிறுவனத்தின் கைக்கே வந்து சேர்ந்தது. உலகின் பல மூலைகளிலுமுள்ள விற்பனையாளர்கள் தத்தம் சரக்கை நிறம், அளவு, இலக்கம் குறித்து அங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள். முதலில் கணினியில் வண்டியைக் கட்டிப் பார்க்க வேண்டும். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெஸிமன் என்பார் 1995இல் இதற்கென ஒரு மென்பொருளை ஆக்கி உலகுக்கு இலவசமாக வழங்கினார். அதன் வழிவந்த மென்பொருள்கள், எந்தக் கட்டை எத்தனை வேண்டும் என்ற பட்டியலைத் தாமே எழுதித் தந்துவிடுகின்றன.

பட்டியல் கைக்கு வந்த பிறகே தொல்லை தொடங்குகிறது. சன்னல் ஒருவரிடம் மலிவு; சில்லு இன்னொருவரிடம் மலிவு; ஆனால் ஒவ்வொருவருக்கும் தபாற் செலவு தனித்தனி. ஐந்து ரூபாய்ச் சாமானுக்கு ஐம்பது ரூபாய்க் கூலி கொடுப்பது போலாகும். எனவே மலிவைக் காட்டிலும் விற்பனையாளரின் எண்ணிக்கையைக் குறைப்பதே அறிவுடைமை. எல்லாவற்றையும் இருவரிடம் அடக்கி, தோஹாவிலுள்ள மைத்துனரின் விலாசத்துக்கு அனுப்பச் செய்தோம்.

நிறத்திலும் எச்சரிக்கை வேண்டும். நம் நாட்டுப் பழைய பயணிகள் பெட்டி என்றதும் கண்முன் வருவது ஒருவகைக் கபிலச் சிவப்பு. கட்டைகளில் செங்கபில நிறம் 2004ஆம் ஆண்டளவில் பழைய கபிலத்துக்குப் பதிலாக வந்தது. ஆனால் அந்நிறத்தில் முற்காலத்தில் வார்த்தவை எளிதில் நொறுங்கும் என்று இத்துறையில் பழகியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். கழற்றும்போது 'சடக்' என்று ஓசை கேட்கும். பார்த்தால் பாதி கையில் இருக்கும். சாம்பல் நிறமும் அதே காலத்தில் சற்றே நீலம் கலந்ததாக மாறிற்று. பழையதையும் புதியதையும் கலந்தால் கூரை தேமல் விழுந்தது போலாகிவிடும். ஆதலின் பெட்டிகளின் பக்கங்களுக்குக் கருஞ்சிவப்பையும் கூரைக்குப் புதிய சாம்பலையும் தெரிந்தெடுத்தோம்.

எல்லாவற்றையும் கடல் கடந்து வருவித்தோமென்று எண்ணற்க. கல்முனைக் கடைத்தெருவில் துணிக்கடைகளுக்கும் பாத்திரக்கடைகளுக்கும் இடையே விளையாட்டுச் சாமான் கடைகள் உண்டு. காப்புரிமைக் காலம் முடிந்துபோனதால் பிற நிறுவனங்கள் வார்க்கும் கட்டைகளும் அங்கே பொதி பொதியாகக் கிடைக்கின்றன. கவ்வும் வலிமை சிலவற்றில் கூடுதலாகவும் சிலவற்றில் குறைவாகவும் இருக்கும். எனினும் வெளியே தெரியாத அடித்தளத்துக்கும் நிலைய மேடைக்கும் அவை தாராளமாகப் போதும். வீட்டின் அத்திவாரத்துக்குக் கருங்காலி தேடுவாருண்டோ?

தோஹாவில் சேர்ந்த பொதியை எடுத்து வந்தவர் மைத்துனரோடு ஒரே அறையில் தங்கும் சாய்ந்தமருது நண்பர். பள்ளி விடுமுறைக் காலத்தில் தம் பிள்ளைகளைப் பார்க்க வந்தவர், தமக்கு அனுமதித்த சுமையில் ஒரு பெட்டி ஈச்சம்பழத்தைக் குறைத்துக்கொண்டு, எம் சில்லுகளையும் மோட்டரையும் கொண்டு வந்தார். காரைதீவுக்குத் தாமே நடந்து வந்து கொடுத்தார். சாய்ந்தமருதுக்கும் காரைதீவுக்கும் இடையே எல்லை எங்கே என்று அயலூரார் கேட்டால் காட்டுவது கடினம், அத்துணை அணுக்கம். கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று மேடையில் பேசுவார்கள். அவ்வுவமையின் உண்மையை அன்று குறைந்துபோன ஈச்சம்பழப் பெட்டியில் கண்டோம்.

எஞ்சினுக்கு ஓர் இலக்கம்

எந்த எஞ்சினைக் கட்டுவது என்பதில் எமக்கு ஐயமிருக்கவில்லை. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாடு அன்பளிப்பாக வழங்கி 1954ஆம் ஆண்டு முதல் ஓடத் தொடங்கிய எம்-2 வகை டீசல் எஞ்சின்கள் நம் நாட்டில் புகழ் பெற்றவை. கனடாவின் மாகாணப் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டினர். 569ஆம் இலக்க எஞ்சினின் பெயர் ஒன்ராறியோ. 591ஆம் இலக்கத்தின் பெயர் மனிற்றோபா. எஞ்சினைத் தாங்கும் இரு சில்லுத் தொகுதிகளிலும் மும்மூன்று அச்சுகள். விளையாட்டு வளைவில் மூன்று அச்சு நேராக நின்றால் வண்டி திரும்பாது, தடம் புரளும். நடு அச்சு இரு பக்கமும் சற்றே வழுக்கிச் செல்லுமாறு அமைத்தால் அத்தொல்லை நீங்கும். மின்கலப் பெட்டி எஞ்சினுக்குள் அடங்கவில்லையாகையால், அதனை முதலாம் பயணிகள் பெட்டியில் ஒளித்து வைத்தோம்.

எமது மருமகன் விரும்பிய இலக்கம் 591. படத்தில் பார்த்து அவனுக்கு அது பிடித்துவிட்டது. ஆனால் அவனுடைய தாய், "அண்ணா, அந்த நம்பர் வேண்டாம்" என்றாள். அதன் காரணத்தை வாசகருக்குக் கூற வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை, கொழும்பிலிருந்து மாத்தறை நோக்கிச் சென்ற புகையிரதத்தைப் பெரலிய என்னுமிடத்தில் ஆழிப்பேரலை புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டனர். அவ்வண்டியை இழுத்துச் சென்ற எஞ்சின்தான் 591. பின்னர் அது பழுது பார்க்கப்பெற்று மீண்டும் ஓடலாயிற்று. அதே நாள் காலையில்தான் மருதமுனை முதல் பொத்துவில் வரை இக்கரையையும் கடல் வாரிக்கொண்டது. கோச்சியே ஓடாத கரையின் துயரமும் கோச்சியில் மாண்டோரின் துயரமும் ஒரே அலையால் வந்தவை. தங்கையின் சொல்லைத் தட்ட எமக்கு மனம் வரவில்லை. 569 என்றே எழுதுவதென்று முடிவு செய்தோம், பிள்ளையும் இணங்கினான்.

மருதமுனையின் வெயில்

கட்டி முடித்த வண்டிக்கு உயிர் கொடுப்பது எழுத்து. இலக்கமும் பெயரும் மஞ்சட் கோடும் இல்லாத எஞ்சின் நெற்றித் திலகமில்லாத முகம் போன்றது. ஆனால் நம் நாட்டு எஞ்சினுக்கும் தமிழ் எழுதிய பெயர்ப் பலகைக்கும் வேண்டிய ஒட்டுத்தாள்களை எந்தத் தொழிற்சாலையும் ஆக்குவதில்லை. 'ஸ்டிக்கர்' என்று எல்லோரும் வழங்கும் அவ்வொட்டுத்தாளை நாமே வரைந்து, நாமே அச்சிடுவித்தல் வேண்டும்.

இதில் முதற் சிக்கல் வெள்ளை நிறம். சாதாரண அச்சு இயந்திரத்தில் வெள்ளை மை கிடையாது. தாளின் வெண்மையையே வெள்ளையாகக் கொள்ள வேண்டும். ஆகவே கருஞ்சிவப்புப் பெட்டியில் வெள்ளை எழுத்து வேண்டுமானால், எழுத்தைச் சுற்றியுள்ள பகுதியைக் கட்டையின் சிவப்போடு ஒத்த சிவப்பாக அச்சிட வேண்டும். சிறிது வேறுபட்டாலும் ஒட்டுப் போட்ட சட்டை போல் தோன்றிவிடும். எனவே சிவப்பில் பன்னிரண்டு சாயைகளை ஒரு தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலையில் மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டோம்.

1924ஆம் ஆண்டின் பழைய கல்லடிப் பாலம் அருகே நிற்க, புதிய பாலத்தின் மேலாக வாவியைக் கடந்து, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று தெற்கே சென்றால் இடப்பக்கம் கடற்காற்று. வலப்பக்கம் வாவியும் வயலும். பெரியநீலாவணை கடந்ததும் மருதமுனை. கைத்தறிக்குப் பெயர் போன இவ்வூரில் சாரமும் சேலையும் நெய்கிறார்கள். நூலுக்குச் சாயமிடுவோரைவிட நிறமறிந்தார் யாருளர் என்று எண்ணி, ஒரு தறிக்கூடத்துள் நுழைந்தோம். உரிமையாளர் எம் கட்டையையும் தாளையும் வாங்கிப் பார்த்தார். நாம் மின்விளக்கின் கீழ் இரண்டையும் ஒப்பிட்டு ஏழாம் சாயையைச் சுட்டினோம். அவர் சிரித்து, "லைட்டுல நிறம் பாக்கப்படாது, சேர். வெயில்ல கொண்டு போய் வையுங்க" என்றார். முற்றத்து வெயிலில் வைத்ததும் ஏழாவது ஊதாவாகத் தோன்றியது. ஒன்பதாவதே கட்டையோடு கலந்தது. "நனைஞ்ச நூலும் காஞ்ச நூலும் ஒரு நிறம் இல்ல, மையும் அப்பிடித்தான். அடிச்ச உடனே பாக்காம, ஒரு மணித்தியாலம் விட்டுப் பாருங்க" என்று இரண்டாவது பாடமும் கற்பித்தார்.

கல்முனை அச்சகத்தில்

மருதமுனையை அடுத்துத் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்குப் பெயர் பெற்ற பாண்டிருப்பு, அதற்கப்பால் கல்முனை. கோயில் மணியும் பள்ளிவாசலின் பாங்கும் தேவாலய மணியும் ஒரே காற்றில் வரும் நகரம் இது. தெற்கே கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டவர் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றுவர். நாம் தேடிச் சென்ற அச்சகம் கடைத்தெருவுக்கும் கடலுக்கும் இடையிலான ஒழுங்கையில் இருந்தது. முன்பக்கத்தில் முச்சக்கர வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம், பின்பக்கத்தில் கணினி. மகன் கணினியில் இருந்தார். எழுபது வயதைக் கடந்த தந்தை சாய்மனைக் கதிரையில் இருந்தார். அவரை எல்லோரும் ஹாஜியார் என்றே அழைத்தனர். நாமும் அவ்வாறே அழைத்தோம்.

"இரிங்க சேர். என்ன அடிக்கணும்? கலியாணக் காட்டா, கடைப் போடா?"

"போட்தான், ஹாஜியார். கல்முனை ஸ்டேஷன் போட்."

"எத்தனை அடி?"

"அடி இல்லை. நீளம் 32 மில்லிமீற்றர்; உயரம் 16."

ஹாஜியார் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளி எம்மை ஒரு முறையும், எம் பின்னால் நின்ற பிள்ளையை ஒரு முறையும் பார்த்தார். காரைதீவிலிருந்து அவனைத் தாய் பஸ்ஸில் அழைத்து வந்திருந்தாள். செய்தியைக் கேட்டதும் அவர் எழுந்து கணினியருகே வந்துவிட்டார்.

வேலை தொடங்கியது. முச்சக்கர வண்டிக்கு எழுத்து வெட்டும் இயந்திரத்தின் கத்தி இத்துணைச் சிறிய எழுத்துக்கு ஆகாது. உண்மைப் பெட்டியில் 10 சென்றிமீற்றர் உயரமுள்ள எழுத்து இங்கே 2 மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும். தமிழ் எழுத்தின் சுழிகள் அவ்வளவில் கிழிந்து போகும். எனவே வெட்டுதலை விட்டு, பசையுள்ள வினைல் தாளில் அச்சிட்டு, மேலே மெல்லிய தெளிந்த படலம் ஒட்டுவதென்று முடிவாயிற்று. எழுத்துருவிலும் கவனம் வேண்டும். நம் நாட்டு அச்சகங்கள் பலவற்றில் இன்றும் 'பாமினி' என்னும் பழைய எழுத்துருவே ஆட்சி செய்கிறது. வீட்டில் ஒருங்குறியில் எழுதிக் கொண்டு போனால் அங்கே கட்டம் கட்டமாகத் தோன்றுதல் உண்டு. எழுத்துகளை வெறும் கோட்டு வடிவமாக மாற்றிக் கொண்டு சென்றால் எந்தக் கணினியிலும் பிழையாது. நாம் அவ்வாறே கொண்டு சென்றிருந்தோம்.

பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று வரி. தமிழ் வரியைத் திரையில் கண்ட ஹாஜியார் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு உள்ளே சென்று ஒரு பிஸ்கற் தகரத்தை எடுத்து வந்தார். அதனுள்ளே கறுத்துப் போன ஈய எழுத்துகள் ஒரு பிடி. இளமையில் அவர் அச்சுக் கோப்பவராக இருந்தவர். ஆழிப்பேரலை அவருடைய அச்சுக்கூடத்தை எழுத்துப் பெட்டிகளோடு கொண்டுபோயிற்று. நாட்கள் பல கழித்து மணலில் சல்லடையிட்டு எடுத்தவை இவ்வளவே என்றார். அவற்றுள் ஒன்றைப் பொறுக்கி, மைத் திண்டில் ஒற்றி, தாளில் அழுத்தினார். 'னை' என்னும் எழுத்து, பழைய வடிவில்!

இளைய வாசகருக்கு இதனை விளக்க வேண்டும். ணை, லை, ளை, னை என்னும் நான்கு எழுத்துகளையும் முன்னாளில் இணைக்கொம்பு முன்னே நிற்க எழுதுவதில்லை. யானை துதிக்கையைத் தூக்கினாற்போல எழுத்தோடு ஒட்டிய ஒரு சுழியாகவே எழுதினர். தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தால் அது மாறிற்று; நம் நாட்டிலும் பின்னர் புதிய வடிவமே பரவியது. கல்முனை என்ற பெயரின் ஈற்றெழுத்து அந்நான்கில் ஒன்று. 1928ஆம் ஆண்டிலேயே பாதை மட்டக்களப்பைக் கடந்து வந்திருந்தால், இந்நகரின் நிலையப் பலகையில் அத்துதிக்கை எழுத்தே நின்றிருக்கும்.

எமக்கு ஆசை எழுந்தது. அந்த ஈய எழுத்தைப் பதித்துப் படமெடுத்து அதனையே பலகையில் இடலாம் என்றோம். பிள்ளை தாளைப் பார்த்தான். "மாமா, இது என்ன எழுத்து? எனக்கு வாசிக்கத் தெரியாதே" என்றான். நாம் விளக்கத் தொடங்குமுன் ஹாஜியார் குறுக்கிட்டார்.

"அது நாங்க படிச்ச எழுத்து, சேர். இந்த ஸ்டேஷன் இன்னும் வரல்லயே! வரப்போற ஸ்டேஷனுக்கு, வரப்போற புள்ளைகள் வாசிக்கிற எழுத்தைப் போடுங்க."

அதற்குமேல் நாம் ஒன்றும் சொல்லவில்லை. புதிய வடிவமே அச்சேறியது. பழைய எழுத்துப் பதிந்த தாளை ஹாஜியார் மடித்துப் பிள்ளையின் சட்டைப் பையில் வைத்து, "இத வீட்ட வைச்சுக்க, மகன்" என்றார்.

ஒட்டும் முறையையும் ஆசையுள்ளோர் பயன்பெறச் சுருக்கமாகக் கூறுவோம். தாளை வெட்டப் புதிய அலகும் இரும்பு அடிமட்டமும் வேண்டும். கட்டையின் முகத்தைவிட ஒட்டுத்தாள் ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீற்றர் சிறிதாயிருத்தல் நன்று. 32க்கு 16 அளவான பலகைக்கு 31க்கு 15 போதும். ஒரு தாள் ஒரு கட்டையோடு நிற்க வேண்டும். இரு கட்டைகளின் பொருத்துக்கு மேல் ஒட்டினால் கழற்றும்போது கிழியும். வெட்டிய ஓரத்தில் தெரியும் வெள்ளைக் கோட்டை அதே நிற மைப்பேனாவால் தடவி மறைக்கலாம். ஒரு துளி பாத்திரச் சவர்க்காரம் கலந்த நீரைக் கட்டையில் பூசி, கத்தி முனையில் தாளை ஏந்தி வைத்தால், காயுமுன் நகர்த்திச் சரிசெய்ய இயலும். பிறகு துணியால் அழுத்தி ஓரிரவு விட்டுவிட வேண்டும்.

அன்று மாலை காரைதீவு வீட்டு விறாந்தையில் கல்முனை நிலையம் எழுந்தது. இருபத்து நான்கு துண்டுத் தண்டவாளத்தில் 569 ஒன்ராறியோ சுற்றி வந்து பலகைக்கு நேரே நின்றது. பிள்ளை 40 மில்லிமீற்றர் மனிதர் ஒருவரை மேடையில் இறக்கினான். தோஹாவிலிருந்து கைத்தொலைபேசியின் திரையில் அதனைப் பார்த்துக் கொண்டிருந்த தகப்பனார், "கல்முனை வந்திட்டுதா? அப்ப நான் இறங்கிறன்" என்றார். அவருடைய அறை நண்பரும் அருகிருந்து எட்டிப் பார்த்தார். அவர் விடுமுறை முடிந்து அவ்வாரமே திரும்பியிருந்தார்.

விளையாட்டு அத்தோடு முடிந்தது. ஆனால் அது எழுப்பும் எண்ணம் முடிவதில்லை. மாத்தறையோடு நெடுங்காலம் நின்றிருந்த தென்பாதை, 2019ஆம் ஆண்டில் பெலியத்தை வரை நீண்டது; கதிர்காமம் வரை கொண்டு செல்வதே அதன் நோக்கம். கிழக்கே மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாகப் பொத்துவிலுக்குப் பாதை நீட்ட வேண்டும் என்ற வேண்டுகோளும் பழமையானதே. நெல் விளையும் சம்மாந்துறை, துணி நெய்யும் மருதமுனை, பல்கலைக்கழகமுள்ள ஒலுவில், கடல் தாண்டி உழைப்போரை அனுப்பிய அத்தனை ஊர்கள். இவற்றுக்கு ஒரு கோச்சி மிகையான ஆசையன்று.

கல்முனையில் எதனை யார் ஆள்வது என்பதில் பிணக்குகள் உண்டு. வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019இல் உண்ணாவிரதமும், அதற்கு எதிரான போராட்டமும் நடந்ததை நாடறியும். அதன் நியாயங்களை எடை போட இக்கட்டுரை இடமன்று. ஆயினும் ஒன்று கூறலாம். நிலையப் பலகையில் எழுத வேண்டிய பெயரில் எவருக்கும் கருத்து வேற்றுமையில்லை. க, ல், மு, னை என்னும் நான்கு எழுத்துகளையும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாயால் ஒரே விதமாகவே சொல்கிறார்கள். தாயார் கொடுத்த மொழி இருவருக்கும் ஒன்று.

கட்டைகளும் சில்லுகளும் எந்த நாட்டிலிருந்தும் வரலாம். விலை கொடுத்தால் தபாலில் வந்துவிடும். ஊரின் பெயர் ஊரிலேதான் அச்சாக வேண்டும். அதற்கு வெயிலில் நிறம் பார்க்கும் நெசவாளர் வேண்டும். மணலைச் சலித்து எழுத்தைக் காத்த முதியவர் வேண்டும். வாசிக்க ஒரு பிள்ளை வேண்டும். இம்மூவரும் இக்கரையில் இருக்கிறார்கள். உண்மைப் பாதை வரும் நாளில் பலகைக்கு எழுத்துப் போட ஆள் தேடி யாரும் வெளியூர் செல்ல வேண்டியதில்லை.